அண்ணல் அம்பேத்கரும் வேலையில்லாத் திண்டாட்டமும்

வட ஆற்காடு என்று நம் பாட்டன்மார் அறிந்திருந்த மாவட்டம் 1989-ஆம் ஆண்டில் இரண்டாகப் பிரிக்கப்பட்டபோது, வேலூரைத் தலைநகராகக் கொண்ட பகுதிக்கு வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் என்று பெயர் சூட்டப்பெற்றது. சில ஆண்டுகளில் மாவட்டங்களுக்குத் தலைவர்களின் பெயரிடும் வழக்கமே கைவிடப்பட்டு, அது வேலூர் மாவட்டமாயிற்று. 2019-இல் அதுவும் மூன்றாகப் பிரிந்தது. இராணிப்பேட்டை தனி மாவட்டமாகவும், ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்தின் ஊர்களாகவும் அமைந்தன. அலுவலகப் பலகைகளில் அந்தப் பெயர் வந்ததும் போயிற்று. நம் தெருக்களில் மட்டும் அது நிலைத்துவிட்டது. தெருமுனையில் நீலச் சட்டையும் கையில் சட்டப் புத்தகமுமாக அவர் நிற்கிறார். ஏப்ரல் 14 அன்று மாலையிடுகிறோம், ஊர்வலம் போகிறோம்.

அந்தக் கையிலுள்ள ஒரு புத்தகத்தைப் பற்றி மட்டுமே நாம் பேசிப் பழகியிருக்கிறோம் என்பதை இம்மலரில் மனம் திறந்து ஒப்புக்கொள்ள வேண்டும். அண்ணல் முதற்கண் பொருளாதார அறிஞர். அமெரிக்காவிலும் இலண்டனிலும் அவர் பெற்ற உயர் பட்டங்கள் பொருளாதாரத்திற்குரியவை. வேலையின்மை என்பது ஏன் தோன்றுகிறது, அது ஒரு நாட்டின் செல்வத்தை எவ்வாறு அரிக்கிறது என்பதை அவர் இளம் வயதிலேயே ஆராய்ந்தார். அதற்கு முன்னரே அதனைத் தம் வாழ்வில் பட்டறிந்தும் இருந்தார். நம் கல்விக் கழகம் 25 ஆண்டுகளை நிறைவு செய்யும் இவ்வேளையில், அதன் உதவியால் படித்துப் பட்டம் பெற்ற பிள்ளைகளில் பலர் வேலைக்குக் காத்து நிற்கின்றனர். ஆதலின் அண்ணலின் வாழ்க்கையை இந்தப் பக்கத்திலிருந்து கூறுவது பொருந்தும் என்று கருதினோம்.

அவர் பிறந்தது 1891 ஏப்ரல் 14 அன்று, மத்திய இந்தியாவில் மௌ என்னும் படைமுகாம் நகரில். தந்தையார் இராம்ஜி சக்பால் படையில் சுபேதார். படைப்பள்ளியில் தலைமை ஆசிரியர். மகார் குலத்தார்க்கு மராட்டிய ஊர்களில் விதிக்கப்பட்டிருந்த வேலைகள் ஊர்க் காவல், ஓலை கொண்டு ஓடுதல், செத்த மாட்டை அப்புறப்படுத்துதல் போன்றவை. நம் பக்கத்து வெட்டியான், தோட்டி வேலைகளை நினைத்துக்கொண்டால் போதும். அந்த வட்டத்தைத் தாண்டி வெளியேற அவர்களுக்குக் கிடைத்த ஒரே வாயில் கம்பெனிப் படையும் அதன் பின்வந்த பிரிட்டிஷ் படையுமாகும். படை மாதச் சம்பளம் கொடுத்தது; ஓய்வூதியம் கொடுத்தது; எழுத்தறிவும் கொடுத்தது. 1890-களின் தொடக்கத்தில் அரசு அந்த வாயிலை அடைத்தது. போர்க்குலங்கள் என்று சில சாதிகளை மட்டும் பொறுக்கியெடுத்து, மகார்களைச் சேர்ப்பதில்லை என்று முடிவு செய்தது. தந்தை நுழைந்த வாயில் மகன்களுக்கு இல்லை என்றாயிற்று. முதல் உலகப் போரில் ஆள் தேவைப்பட்டபோது 1917-இல் மீண்டும் ஒரு மகார் படைப்பிரிவு திரட்டப்பட்டது; போர் முடிந்து சில ஆண்டுகளில் அதுவும் கலைக்கப்பட்டது. ஆர்டர் வந்தால் ஆள் எடுப்பதும், ஆர்டர் நின்றால் கணக்கு முடித்து அனுப்புவதுமாக வாழ்ந்து பழகிய நம் ஊர்க்காரர்களுக்கு இந்தக் கதையை விளக்க வேண்டியதில்லை.

இராம்ஜி ஓய்வு பெற்றபின் குடும்பம் தபோலி, சதாரா என்று நகர்ந்து, பின்னர் பம்பாயின் பரேல் பகுதியில் ஆலைத் தொழிலாளர் குடியிருப்பில் ஓர் அறையில் ஒதுங்கியது. மகன் கேட்ட புத்தகங்களை வாங்கப் பணமில்லாதபோது தந்தையார் மணமாகிப் போன மகள்களிடம் சென்று, அவர்களுடைய நகையை வாங்கி அடகு வைத்து, ஓய்வூதியம் வந்ததும் மீட்டுக் கொடுப்பார். 1907-இல் மெட்ரிகுலேஷன் தேறினார் பீமராவ். பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் அளித்த மாதம் 25 ரூபாய் உதவித்தொகையைக் கொண்டு எல்பின்ஸ்டன் கல்லூரியில் பயின்று பட்டதாரியானார். 1913-இல் தந்தையார் மறைந்தார். அவ்வாண்டே, திரும்பி வந்து பத்தாண்டுகள் பரோடா அரசில் பணியாற்றுவதாக உடன்படிக்கை எழுதிக் கொடுத்து, மன்னரின் உதவியோடு நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்திற்குச் சென்றார். மூன்றாண்டுகளில் முதுகலைப் பட்டமும் பெற்று ஆய்வேட்டையும் முடித்துக்கொண்டு இலண்டன் சேர்ந்தார். அங்கே படிப்பு பாதியில் நிற்கும்போது உதவித்தொகைக் காலம் முடிந்தது. 1917-இல் தாயகம் திரும்பினார்.

இனி நிகழ்ந்ததை நம் இளைஞர்கள் நிதானமாகப் படிக்க வேண்டும். உடன்படிக்கையின்படி பரோடாவில் மன்னரின் படைச் செயலாளர் அலுவலில் அமர்ந்தார். வேலை இருந்தது, தங்க இடமில்லை. இந்துக்களின் விடுதி எதுவும் அவரை ஏற்காது. பார்சி விடுதியொன்றில் பார்சிப் பெயர் பூண்டு தங்கினார். அலுவலகத்தில் ஏவலர்கள் கோப்புகளைத் தொலைவில் நின்று மேசைமேல் எறிந்தனர். பதினோராம் நாள் காலையில் தடியேந்திய பார்சிகள் சிலர் அறைவாசலில் வந்து, அன்று மாலைக்குள் காலி செய்யுமாறு மிரட்டினர். நண்பர்களிடம் கேட்டார், வீடு தர ஒருவரும் முன்வரவில்லை. பொதுப் பூங்காவில் மரத்தடியில் சில மணிநேரம் அமர்ந்திருந்துவிட்டு, இரவு வண்டியில் பம்பாய்க்குத் திரும்பினார். கொலம்பியாவின் முதுகலைப் பட்டம் பெற்ற ஒருவர், தகுதிக்கேற்ற அரசுப் பதவி கையிலிருந்தும், தலைசாய்க்க இடமின்றி அதனை விட்டுவர நேர்ந்தது.

பம்பாயிலும் வேலை எளிதில் அகப்படவில்லை. இரு மாணவர்க்குத் தனிப்பாடம் சொல்லிக் கொடுத்தார். பங்குகளிலும் கடன் பத்திரங்களிலும் பணம் போடுவோர்க்கு ஆலோசனை கூறும் நிலையமொன்றைத் தொடங்கினார். அந்த நாளில் இந்தியாவில் அதற்கு அவரைவிடப் பொருத்தமானவர் எத்தனை பேர் இருந்திருப்பர்? முதலில் வாடிக்கையாளர் வந்தனர். ஆலோசகர் இன்ன சாதியார் என்று தெரிந்ததும் நின்றுவிட்டனர். நிலையம் மூடப்பட்டது. வேலையின்மைக்குக் காரணம் படிப்பின்மை, திறமையின்மை, சோம்பல் என்று நமக்கு ஓதப்படும்போதெல்லாம் 1917-ஆம் ஆண்டின் பம்பாயில் அலைந்த இந்த மனிதரை நினைவுகூர வேண்டும். படிப்பு வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் நம் கழகத்துக்கே பொருளில்லை. காரணத்தைத் தவறான இடத்தில் தேடலாகாது என்பதற்காகவே சொல்கிறோம்.

1918 நவம்பரில் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பொருளாதாரப் பேராசிரியர் வேலை கிடைத்தது. ஆசிரியர் அறையின் தண்ணீர்ப் பானையை அவர் தொடுவதற்குச் சிலர் மறுப்புச் சொன்னார்கள். அந்த ஆண்டில்தான் இந்தியப் பொருளாதாரச் சங்கத்தின் ஆய்விதழில், இந்தியாவின் சிறு நில உடைமைகளையும் அவற்றுக்கான தீர்வுகளையும் குறித்த அவருடைய கட்டுரை வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது 27. நம் பக்கத்து மேடைகளில் இக்கட்டுரையின் பெயரைக்கூட நாம் கேட்டதில்லை.

அந்நாளில் அறிஞர் பலர் இந்திய உழவனின் வறுமைக்கு நிலம் துண்டுபட்டதே காரணம் என்றும், துண்டுகளை ஒன்றுசேர்த்துப் பெரும் பண்ணைகளாக்கினால் வறுமை தீரும் என்றும் எழுதி வந்தனர். அண்ணல் மறுத்தார். ஒரு பண்ணை சிறியது அல்லது பெரியது என்பதை ஏக்கர் கணக்கால் மட்டும் அளக்கலாகாது. அதில் இடுகின்ற முதல், மாடு, கருவி, உழைப்பு ஆகியவற்றோடு ஒப்பிட்டே அளக்க வேண்டும். உழவனிடமுள்ள ஏரையும் மாட்டையும் நோக்கினால், இருக்கும் நிலமே அவனுக்குப் பெரிது. அவ்வாறிருக்க, நிலம் ஏன் துண்டாகிறது? வேறு பிழைப்பு இல்லாததால் எல்லாரும் நிலத்தையே பற்றிக்கொள்கின்றனர். நான்கு பேர் செய்யத்தக்க வேலையில் எட்டுப் பேர் நிற்கின்றனர்; மிகையாக நிற்கும் நால்வரும் வேலை செய்வதுபோலத் தோன்றினும் உண்மையில் வேலையற்றவர்களே.

இங்கே அவர் ஒரு நுட்பமான வேறுபாட்டைக் காட்டினார். முதல் சும்மா கிடந்தால் அதற்குச் சோறு போட வேண்டியதில்லை. மனிதன் சும்மா இருந்தாலும் உண்ண வேண்டும். வேலையற்றவன் எதையும் விளைவிக்காமல் பிறர் விளைத்ததிலிருந்து உண்கிறான். அது அவன் குற்றமன்று, உயிரோடிருப்பதன் தேவை. ஆயின் அதன் பொருளாதார விளைவு கடுமையானது. குடும்பத்தில் மிஞ்ச வேண்டியது மிஞ்சுவதில்லை. மிச்சமில்லாத இடத்தில் முதல் திரள்வதில்லை. முதல் திரளாத இடத்தில் புதுத்தொழில் தோன்றுவதில்லை. புதுத்தொழில் தோன்றாமையால் வேலையற்றோர் மேலும் பெருகுகின்றனர். இச்சுழலை அறுக்காமல் நிலத்துண்டுகளை மட்டும் ஒட்டவைத்தால், உள்ள உழவர்களிலும் பலர் வெளியே தள்ளப்படுவர் என்று எச்சரித்தார். மிகையான கைகளுக்கு நிலத்துக்கு வெளியே வேலை வேண்டும். ஆகவே நாடு தொழில்மயமாக வேண்டும் என்பதே அவர் கண்ட தீர்வு. நிலத்தில் மறைந்து கிடக்கும் இத்தகைய வேலையின்மையைப் பற்றி உலகப் பொருளியலார் விரிவாக எழுதியது பல ஆண்டுகள் கழித்தேயாகும்.

இக்கட்டுரையைப் பாலாற்றங்கரையில் அமர்ந்து படிப்பவர்க்கு அது நம் ஊரைப் பற்றியே எழுதப்பட்டதுபோலத் தோன்றும். நம் முன்னோர்க்குச் சொந்த நிலம் அரிது. பிறர் நிலத்தில் பண்ணையாளாகவும் கூலியாகவும் உழைத்தனர். மழை பொய்த்த ஆண்டுகளில் கோலார் தங்கவயலுக்கு மூட்டை கட்டினர். ஊரிலேயே இருந்தோர் வேலூர், இராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேர்ணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி எனத் தொடர்ச்சியாக எழுந்த டேனரிகளுக்குச் சென்றனர். பச்சைத் தோலைச் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறவைத்து, மயிர் களைந்து, சவ்வு நீக்கி, ஆவாரம்பட்டைச் சாற்றில் பதனிட்டு அனுப்பினர். நிலத்தில் மிகையான கைகளுக்குத் தொழில் கிடைத்தது. அண்ணலின் தீர்வு இங்கே பாதி நிறைவேறியது எனலாம்.

மறுபாதியின் கதை வேறு. 1970-களில் மைய அரசு பச்சைத் தோலும் பாதி பதனிட்ட தோலும் ஏற்றுமதியாவதைக் கட்டுப்படுத்தியது. முழுதும் பதனிட்ட தோலும் ஷூ அப்பரும் ஷூவும் செய்யும் தொழிற்சாலைகள் பெருகின. நம் பெண்கள் ஆயிரக்கணக்கில் தையல் எந்திரத்தின் முன் அமர்ந்தனர். பட்டைச் சாற்றின் இடத்தைக் குரோமியம் உப்பு பிடித்துக்கொண்டது. அதன் கழிவு பாலாற்றிலும் கிணறுகளிலும் இறங்கியது, வயல்கள் உப்பேறின. வயல் கெட்டபோது நிலவுடையவர் விளைச்சலை இழந்தார். நம்மவர் நடவுக் கூலியையும் அறுப்புக் கூலியையும் இழந்தனர். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்திய ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்ததோடு, குறித்த காலத்திற்குள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ஒப்புதல் பெறாதவை மூடப்பட வேண்டும் என்றும் ஆணையிட்டது. ஆற்றைக் காக்க அத்தீர்ப்பு வேண்டியதே. அதில் நமக்கு இரு கருத்தில்லை. ஆயினும் வயல் கெட்டதால் டேனரிக்குப் போனவன், டேனரி மூடப்பட்டபோது திரும்பிப் போக வயல் இருக்கவில்லை. இரு முனையிலும் இழந்தவன் ஒருவனே.

ஒருவர் வேலை நின்றால் அது அவரோடு நிற்பதில்லை என்பதை 2020-ஆம் ஆண்டு ஊரடங்கில் கண்ணாரக் கண்டோம். ஷூ கம்பெனி நுழைவாயில் பூட்டப்பட்ட முதல் மாதத்தில் மளிகைக் கடையில் கடன் ஏறியது. அடுத்த மாதம் கம்மல் அடகுக் கடைக்குப் போயிற்று. அதன்பின் மகளிர் குழுக் கடனின் வாரத் தவணை நின்றது. மளிகைக்காரர் மொத்த வியாபாரிக்குக் கட்ட முடியவில்லை. டீக்கடை, ஷேர் ஆட்டோ, தையற்கடை எல்லாம் படுத்தன. பள்ளி திறந்தபோது சில பிள்ளைகள் திரும்பி வரவில்லை. அவர்கள் அதற்குள் கூலிக்குப் பழகியிருந்தனர். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் பலவற்றின் மீதான வரியை 50 விழுக்காடாக உயர்த்தியபோது, வாஷிங்டனில் இட்ட கையெழுத்தைப் பற்றி ஆம்பூர்ப் பேருந்து நிறுத்தத்தில் பேசிக்கொண்டார்கள். 1918-இல் அண்ணல் விளக்கிய சுழல் இதுதான்: வேலை நிற்கிறது, சேமிப்பு கரைகிறது, அடுத்த தலைமுறையின் படிப்பு என்னும் முதலும் அதனோடு கரைகிறது.

அவர் வாழ்க்கைக்குத் திரும்புவோம். சம்பளத்தில் சேர்த்த பணம், கோல்காப்பூர் மன்னர் சாகு மகராஜின் உதவி, பார்சி நண்பர் நவல் பதேனா கொடுத்த கடன் இவற்றைக் கொண்டு 1920-இல் மீண்டும் இலண்டன் சென்றார். பார்சிகள் தடியோடு வந்ததைச் சொன்ன நாம், ஒரு பார்சி நண்பரே இறுதிவரை கைகொடுத்ததையும் சொல்லிவிட வேண்டும். 1923-இல் டி.எஸ்ஸி. பட்டம் பெற்றார், ரூபாயின் சிக்கலைப் பற்றிய நூலும் அவ்வாண்டே வெளிவந்தது. நாணய மதிப்பு வீழும்போது ஏற்றுமதி வணிகர்க்குக் கிடைக்கும் ஆதாயத்தில் ஒரு பங்கு தொழிலாளியின் சட்டைப் பையிலிருந்து போவது என்று அதில் காட்டினார். ஏனெனில் விலைவாசி விரைந்து ஏறும், கூலி பின்தங்கி ஏறும். டாலர் விலை ஏறினால் மகிழ வேண்டுமா என்று தெரியாமல் விழிக்கும் ஏற்றுமதி ஊர் மக்களுக்கு இது பயன்படும் கருத்து.

பாரிஸ்டராகப் பம்பாய் திரும்பியும் வழக்குகள் எளிதில் வரவில்லை. கணக்கியல் பயிற்சி நிறுவனமொன்றில் வணிகச் சட்டம் கற்பித்து வருவாயை நிரப்பிக்கொண்டார். 1924-இல் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபையை நிறுவினார். 1927-இல் மகாத் குளத்தில் இறங்கித் தண்ணீர் அருந்தினார். இவை யாவரும் அறிந்தவை, விரித்துரைக்கவில்லை.

அவ்வளவாக அறியப்படாதது 1928-ஆம் ஆண்டின் பஞ்சாலை வேலைநிறுத்தத்தில் அவர் எழுப்பிய கேள்வி. பம்பாய் ஆலைகளில் தாழ்த்தப்பட்டோர் ஆயிரக்கணக்கில் வேலை பார்த்தனர். ஆனால் நல்ல கூலி கிடைத்த நெசவுப் பிரிவில் அவர்களை நுழைய விடுவதில்லை. நாடாவில் நூல் கோக்கும்போது வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டியிருந்தது. தாழ்த்தப்பட்டவர் வாய்பட்ட நாடாவை நாங்கள் தொடுவதா என்று பிற தொழிலாளர் மறுத்தனர். இங்கே தடையாக நின்றவர் முதலாளி மட்டுமல்லர், பக்கத்துத் தறிக்காரரும்தாம். தொழிலாளர் ஒற்றுமை பேசும் சங்கம் இந்த அநீதியை நீக்கும் கோரிக்கையையும் தன் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று அண்ணல் வற்புறுத்தினார். தயங்கித் தயங்கியே சங்கம் அதைச் சேர்த்தது. மறு ஆண்டு மீண்டும் வேலைநிறுத்தம் வந்தபோது அவர் அதனை எதிர்த்தார். முந்தைய நீண்ட வேலைநிறுத்தத்தில் தொழிலாளர் வட்டிக்காரரிடம் சிக்கிக் கிடந்ததை அவர் கண்டிருந்தார். இந்நிலையைக் குறை கூறுவோர் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. பட்டினி யார் வீட்டில் முதலில் நுழையும் என்று அறிந்தவர் எடுத்த முடிவு அது என்பது எம் கருத்து.

1936-இல் லாகூர் மாநாட்டுக்காக எழுதி, பேச இடந்தராமல் மறுக்கப்பட்டு, நூலாக வெளியிட்ட சாதி ஒழிப்பு என்னும் உரையில் இவ்வனுபவங்கள் அனைத்தும் ஒரு பொருளாதாரக் கோட்பாடாகத் திரண்டன. சாதி என்பது வேலைப் பிரிவினை என்று புகழ்வோர்க்கு, அது வேலை செய்வோரைப் பிரித்து ஒருவர்மேல் ஒருவராக அடுக்கிவைத்த பிரிவினை என்று விடை தந்தார். தொழில்கள் நிலையாக இருப்பதில்லை. ஒன்று நலியும், ஒன்று வளரும்; நலிந்ததை விட்டு வளர்வதற்கு மாறிக்கொள்ளும் உரிமை மனிதனுக்கு வேண்டும். சாதி அந்த மாற்றத்தைத் தடுக்கிறது. மேற்சாதியான் தன் குலத்திற்கு அடாதது என்று ஒரு தொழிலைத் தொடாமல் பட்டினி கிடக்கிறான். கீழ்ச்சாதியான் விரும்பும் தொழிலில் சேர்க்கப்படாமல் பட்டினி கிடக்கிறான். ஆகவே நாட்டின் வேலையின்மையில் பெரும்பங்குக்குச் சாதியே நேரடிக் காரணம் என்று அறுதியிட்டார்.

தோல் தொழிலை வைத்தே இதைச் சோதித்துப் பார்க்கலாம். தொட்டியில் இறங்கித் தோலை மிதிப்பதற்கு நெடுங்காலம் நம்மவரைத் தவிர வேறெவரும் வரவில்லை. ஈரத் தோலின் நாற்றம் எங்களுக்கு என்று எழுதிவைத்தாற்போல் இருந்தது. அதே கட்டடத்தில் கணக்கு எழுதும் மேசைக்கும், தரம் பார்த்து விலை பேசும் இடத்துக்கும் நம்மவர் ஏறுவது அரிதாக இருந்தது. எந்திரமும் குளிரூட்டிய அறையும் நல்ல சம்பளமும் வந்தபின், தோலைத் தொட்டால் தீட்டு என்ற பேச்சு எங்கோ மறைந்துவிட்டது. எல்லாச் சாதியாரும் தோல் தொழில்நுட்பம் படிக்கின்றனர். சென்னை அடையாற்றில் 1948-இல் தொடங்கப்பெற்ற மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் நம் ஊர்களிலிருந்து சில மணி நேரப் பயணத் தொலைவில்தான் இருக்கிறது. தோலில் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகள் அங்கே படிக்க எத்தனை பேர் விண்ணப்பிக்கிறோம் என்று நம்மையே கேட்டுக்கொள்ளவும் வேண்டும்.

சாதி ஒழிப்பு வெளிவந்த அவ்வாண்டிலேயே சுதந்திரத் தொழிலாளர் கட்சியைத் தோற்றுவித்தார். நிலத்தின்மேல் குவிந்த மக்கள் சுமையே உழவர் வறுமைக்குக் காரணம் என்று அதன் திட்டம் கூறியது. பழைய தொழில்களைப் புதுப்பித்தல், புதுத்தொழில் தொடங்குதல், தொழிற்கல்வியைப் பரப்புதல் ஆகியவை அதில் இடம்பெற்றன. 1918-ஆம் ஆண்டுக் கட்டுரை 1936-இல் அரசியல் வேலைத்திட்டமாயிற்று. 1938 பிப்ரவரியில் மன்மாடு ரயில் சந்திப்பில் தாழ்த்தப்பட்ட ரயில் தொழிலாளர் மாநாட்டுக்குத் தலைமை வகித்தார். தண்டவாளக் கூலியாகச் சேர்ந்தவன் தண்டவாளக் கூலியாகவே முடிகிறான். போர்ட்டர் வேலைகூட அவனுக்கு இல்லை, ஏனெனில் போர்ட்டர் நிலைய அதிகாரியின் வீட்டு வேலைக்கும் போக வேண்டும், தீண்டத்தகாதவன் அங்கே எப்படி நுழைவான் என்று எடுத்துக்காட்டினார். ஜோலார்பேட்டையிலும் காட்பாடியிலும் ரயில்வே குடும்பங்களில் பிறந்த நம் உறுப்பினர்கள் தங்கள் தாத்தாக்களிடம் இத்தகைய கதையைக் கேட்டிருப்பார்கள்.

1941-இல் பாதுகாப்பு ஆலோசனைக் குழுவில் இடம்பெற்றதும் அவர் வற்புறுத்தியவற்றுள் ஒன்று, தந்தை காலத்தில் அடைபட்ட அந்த வாயிலைத் திறப்பது. அவ்வாண்டே மகார் ரெஜிமெண்ட் உருவாயிற்று. 1942 ஜூலையில் வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராகப் பொறுப்பேற்றார். பரோடாவில் குடியிருக்க வீடு கிடைக்காமல் வேலையை விட்டவர், கால் நூற்றாண்டு கழித்து நாட்டின் வேலைகளுக்கெல்லாம் பொறுப்பாளரானார்.

அந்த நான்கு ஆண்டுகளில் நடந்தவை பல. அரசு, முதலாளி, தொழிலாளி மூவரும் அமர்ந்து பேசும் மாநாட்டு முறை வலுப்பெற்றது. 1943-இல் மைய அரசுப் பணிகளில் தாழ்த்தப்பட்டோர்க்கு 8.33 விழுக்காடு இடம் ஒதுக்கப்பட்டது. மறு ஆண்டு அவர்களுக்கு உயர்கல்வி உதவித்தொகை தொடங்கியது. இன்று நம் பிள்ளைகள் கல்லூரியில் விண்ணப்பம் நிரப்பும் உதவித்தொகையின் வேர் அங்கே இருக்கிறது. தொழிற்சாலைகளில் வார வேலை நேரத்தை 54 மணியிலிருந்து 48 மணியாகக் குறைத்த திருத்தச் சட்டமும், பின்னர் 1948-இல் நிறைவேறிய குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் முன்வரைவும் 1946-இல் வந்தவை. மின்சாரமும் நீர்ப்பாசனமும் அவர் துறையிலேயே இருந்தன. தாமோதர் பள்ளத்தாக்குத் திட்டத்தில் அவர் காட்டிய ஊக்கத்துக்குக் காரணம், மலிவான மின்சாரம் இல்லாமல் தொழில்கள் பெருகா, தொழில்கள் பெருகாமல் மிகையான கைகளுக்கு வேலை இல்லை என்ற அந்தப் பழைய கணக்கே.

போர் முடியும் தறுவாயில் ஒரு பெரிய கேள்வி எழுந்தது. படையிலிருந்து திரும்பும் இலட்சக்கணக்கான வீரர்களும், போர்த் தளவாடத் தொழிலில் இருந்தோரும் எங்கே போவர்? ஒரு படைப்பிரிவு கலைக்கப்பட்டால் ஒரு சமூகமே தெருவுக்கு வரும் என்பதை அவர் வரலாற்றில் படித்தவரல்லர், வீட்டில் அறிந்தவர். 1945-இல் அவர் துறையின் கீழ் மறுவாழ்வு மற்றும் வேலைவாய்ப்பு இயக்ககம் அமைந்து, நாடெங்கும் வேலைவாய்ப்பு அலுவலகங்கள் திறக்கப்பட்டன. 1948-இல் அவை எல்லா வகை வேலை தேடுவோர்க்கும் உரியவையாயின. சிபாரிசு இல்லாதவன் தன் பெயரையும் தகுதியையும் பதிந்து வைத்து, முறைப்படி அழைப்புப் பெறும் ஓர் இடம் என்பது அந்நாளில் புதுமை. வேலூர் அலுவலகத்தில் பத்தாம் வகுப்புச் சான்றிதழைப் பதிந்துவிட்டு, புதுப்பிக்கும் தேதி தவறிவிடக் கூடாதென்று காலண்டரில் வட்டமிட்டு வைத்த வீடுகள் நம் தெருவில் எத்தனை! அழைப்பு வந்தவர் சிலர். நாற்பது வயது கடந்தும் அட்டையைப் பெட்டியில் வைத்திருப்போர் பலர். தோல் பகுதியில் வேலைகளில் மிகப்பெரும்பான்மை தனியாரிடம் இருப்பதால், இடஒதுக்கீடும் இந்த அட்டையும் நமக்கு எட்டிய தூரம் குறைவே. வாயில்காப்போனுக்குத் தெரிந்தவன் உள்ளே போகும் முறை தனியார் வாசல்களில் இன்னும் மாறவில்லை.

இதை அவர் முன்னரே உணர்ந்திருந்தார் என்பதற்கு 1947-இல் அவர் அளித்த மாநிலங்களும் சிறுபான்மையினரும் என்னும் அறிக்கை சான்று. முக்கியத் தொழில்கள் அரசுடைமையாக வேண்டும்; உழவு நிலம் அரசுக்குரியதாகி, சாதி வேறுபாடின்றி ஊரார்க்குக் கூட்டுப் பண்ணையாகக் கொடுக்கப்பட வேண்டும்; இவற்றை மாறிமாறி வரும் அமைச்சரவைகளின் விருப்பத்துக்கு விடாமல் அரசியலமைப்புச் சட்டத்திலேயே எழுதிவிட வேண்டும் என்று கோரினார். வேலை இழந்தால் பட்டினி என்று அஞ்சும் மனிதன் தன் உரிமைகளை ஒவ்வொன்றாக விற்றுவிடுவான் என்பது அவர் கூறிய காரணம். கூடுதல் நேர வேலைக்கு மறுத்தால் நாளை வரவேண்டாம் என்று சொல்லிவிடுவார்களோ என்று வாய்திறவாமல் நிற்கும் நம் சகோதரிகளுக்கு இக்காரணம் நன்கு விளங்கும். அக்கோரிக்கை ஏற்கப்படவில்லை. வரைவுக் குழுவின் தலைவராக அவர் உருவாக்கிய சட்டத்தில், வேலை பெறும் உரிமை 41-ஆம் பிரிவில் இடம்பெற்றது. ஆனால் அரசின் பொருள் வலிமைக்கு உட்பட்டு என்ற வரம்போடு, நீதிமன்றத்தில் வழக்காட முடியாத நெறிமுறைகளின் வரிசையில். கட்டாய உழைப்பைத் தடைசெய்யும் 23-ஆம் பிரிவும், அரசு வேலையில் சமவாய்ப்புத் தரும் 16-ஆம் பிரிவும் மட்டும் அடிப்படை உரிமைகளாயின. தெருமுனைச் சிலையின் கையிலுள்ள புத்தகத்தில் அவர் விரும்பியவை எல்லாம் இல்லை என்பதையும் நாம் அறிந்திருக்க வேண்டும்.

1951-இல் இந்துச் சட்டத் தொகுப்பு முடங்கியதை ஒட்டி அமைச்சர் பதவியைத் துறந்தார். அதற்கு முன்பே, 1945-இல், மக்கள் கல்விக் கழகத்தை நிறுவியிருந்தார். பம்பாயில் சித்தார்த்தா கல்லூரி 1946-இலும், ஔரங்காபாத்தில் பின்னாளில் மிலிந்த் என்று பெயர்பெற்ற கல்லூரி 1950-இலும் தொடங்கின. அலுவலகத்துக்கும் ஆலைக்கும் செல்லும் ஏழை மாணவர் வேலையை விடாமல் படிக்கட்டும் என்று சித்தார்த்தா கல்லூரியில் வகுப்புகள் காலை வேளையில் வைக்கப்பட்டன. இரண்டாம் ஷிப்டுக்குப் போகுமுன் நம் கழகத்தின் பயிற்சி வகுப்புக்கு வந்து அமரும் தம்பி தங்கையரை நாம் இதோடு சேர்த்தே எண்ணுகிறோம்.

1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் இலட்சக்கணக்கான மக்களோடு பௌத்தம் தழுவினார். அவ்வாண்டு டிசம்பர் 6 அன்று டில்லியில் உறக்கத்திலேயே உயிர் பிரிந்தது. உடல் விமானத்தில் பம்பாய்க்குக் கொண்டுவரப்பட்டு, மறுநாள் தாதர் கடற்கரையில் எரியூட்டப்பட்டது. அன்று தெருக்களில் திரண்டு நின்ற கூட்டத்தில், 1928-இல் அவர் எந்த நெசவுப் பிரிவின் கதவைத் தட்டினாரோ அந்த ஆலைகளின் தொழிலாளரும் இருந்தனர்.